பக்கத்து வீட்டு நிலவறை

கப்பலில் வருகிறவர்களுக்கு நெவென்கா காட்டுகிற நிலவறை அவளுடைய சொந்த நிலவறைதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் போர் நடந்த அந்த மூன்று மாதமும் அவள் அதற்குள் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அதில் உட்கார்ந்திருந்தவை ஒரு பீப்பாய் ஊறவைத்த முட்டைக்கோஸும் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும்தான். அவையும் செப்டம்பரில் ஒரு குண்டு விழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. இப்போது இருப்பது, அகதி விடுதியில் எட்டு வருஷம் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பிய பிறகு அவள் கணவன் ஸ்டீபான் புதிதாகக் கட்டியது.

அவர்கள் உண்மையில் உயிர் பிழைத்தது பக்கத்து வீட்டில், ஸ்மில்யாவின் நிலவறையில். ஸ்மில்யாவின் புருஷன் ராதே கொத்தனார். தெருவில் எல்லாரும் செங்கல் வளைவோடு திருப்திப்பட்டுக்கொண்ட இடத்தில் அவன் மட்டும் கம்பி கட்டி கான்கிரீட் போட்டான். உருளைக்கிழங்குக்கு இத்தனை பந்தோபஸ்தா என்று தெருவே அவனைக் கேலி செய்தது. பிறகு அந்தக் கான்கிரீட்டுக்குக் கீழேதான் நெவென்காவும் ஸ்டீபானும் இரண்டு பிள்ளைகளும் எண்பது நாளுக்கு மேல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிடந்தார்கள்.

நெவென்கா குரோஷியக்காரி, கத்தோலிக்கச் சபை. ஸ்மில்யா செர்பியக்காரி, ஆர்த்தடாக்ஸ் சபை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் வரை வுக்கோவாரின் அந்தத் தெருவில் இந்த வித்தியாசத்தால் கிடைத்த பலன், வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ் சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மரவேலி. வேலியில் ஒரு சின்ன வாசல். தாழ்ப்பாள்கூடக் கிடையாது. காலையில் யார் வீட்டில் முதலில் காபி கொதிக்கிறதோ அந்த வீட்டில் இருவரும் உட்கார்ந்து, ஊர் வம்பை ஒரு பாத்திரம் பட்டாணி உரித்து முடிகிற வரை பேசுவார்கள்.

இப்போது அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர். ஒன்பது மாதம் செர்பியர்களின் கைதி முகாமில் இருந்துவிட்டு வந்த ஸ்டீபான் எழுப்பியது. முகாமிலிருந்து வந்தவனிடம் யார் போய் வாதாடுவது? நெவென்காவும் வாதாடவில்லை. அவன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

*

கப்பல்கள் வர ஆரம்பித்துப் பதினைந்து வருஷம். மார்ச் முதல் அக்டோபர் வரை, செவ்வாயும் வெள்ளியும், வெள்ளை வெளேரென்று ஒரு நீளக் கப்பல் டான்யூப் கரையில் வந்து கட்டும். இறங்குகிறவர்கள் அநேகமாக எழுபதைத் தாண்டியவர்கள், காதில் ஒரு சின்னக் கருவி, கையில் தண்ணீர்ப் புட்டி. குண்டு துளைத்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைக் காலையில் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தைப் பார்ப்பார்கள். ஊருக்கு வெளியே கல்லறைகளைப் பார்த்து மௌனமாக பஸ் ஏறுவார்கள். மூன்று மணிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, போரைக் கண்ட குடும்பங்களின் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு பன்னிரண்டு பேர் நெவென்காவுக்கு.

முதல் வருஷம் பயணக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டாள்: "நிலவறை இருக்கா? விருந்தாளிங்க கீழ இறங்கிப் பார்க்க ஆசைப்படுவாங்க."

இருக்கிறது என்றாள் நெவென்கா. இருக்கத்தானே செய்தது.

சாப்பிடும்போது ஸ்டீபான் கேட்டான்: "அடியே, அதுல நாம முட்டைக்கோஸ்தானே வச்சிருந்தோம்?"

"பின்ன என்ன, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்க நிலவறையை அமெரிக்காக்காரனுக்குக் காட்டணும், கொஞ்சம் தொறந்து விடுங்கன்னு கேக்கச் சொல்றியா?"

அவன் சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாவது பொய் தானாக வந்தது. கதை சொல்லிக்கொண்டு வரும்போது ஒரு நாள், "பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லாம ஊரை விட்டுப் போயிட்டாங்க" என்று வாயில் வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் நெஞ்சில் கைவைத்து "ஆ" என்றார்கள். அடுத்த முறை அந்த இடம் வந்ததும் நாக்கு கூசாமல் அதே வாக்கியத்தைச் சொன்னது. அப்புறம் அதை நிறுத்த முடியவில்லை. நிறுத்த அவள் பெரிதாக முயலவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடந்தது வேறு. அது ஆகஸ்ட் கடைசி. ராதே ஊரை வளைத்த செர்பியப் படையோடு சேர்ந்துவிட்டானாம் என்று ரொட்டிக் கடையில் யாரோ காலையில் சொன்னார்கள். உண்மையா பொய்யா என்று இன்றுவரை தெரியாது. அந்த வாரம் யார் எதைச் சொன்னாலும் ஊர் நம்பியது. நெவென்கா அந்த எரிச்சலோடு வந்து அடுப்பில் பிளம் ஜாம் ஏற்றினாள். சாயங்காலம் வேலிவாசலில் நின்று ஸ்மில்யா கூப்பிட்டாள். "நெவென்கா! அடி நெவென்கா!" மூன்று தடவை. நெவென்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. போனால் ஜாம் அடிப்பிடித்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே வந்து பார்த்தபோது அவர்களுடைய கார் தெருமுனை திரும்பிவிட்டது. வேலிவாசலில் ஒரு துணிப் பை தொங்கிற்று. உள்ளே சாவி, ஒரு சீட்டு. "எங்க நிலவறை கெட்டி. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போ."

இதைத்தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனார்கள் என்று பதினைந்து வருஷமாக அவள் கேக்கோடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், விருந்தாளிகளுக்கு மேஜை போடுவது வால்நட் மரத்தடியில், சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம், சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பிவிட்ட ஸ்மில்யாவின் பெஞ்சு. நெவென்காவுக்கு ஆங்கிலம் வராது. அவள் தன் பாஷையில் சொல்லச் சொல்ல, கம்பெனி அனுப்பும் பெண் மொழிபெயர்ப்பாள். ஆக, கப்பல்காரர்களுக்குப் புரிவதற்கு முன்பே ஸ்மில்யாவுக்குப் புரிந்துவிடும். அந்தப் பக்கம் பட்டாணி உரிக்கிற சத்தமோ கத்தியால் நறுக்குகிற சத்தமோ கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாக்கியம் வரும்போது சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். நெவென்காவுக்கு இது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

*

ஸ்மில்யாவின் வீட்டில் லூக்கா புனிதர் நாள்தான் ஸ்லாவா. செர்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவருக்கு வருஷத்தில் ஒரு நாள் உண்டு. அந்த நாளில் வாசல் கதவு திறந்திருக்கும், மெழுகுவர்த்தி எரியும், வருகிறவருக்கு முதலில் ஒரு ஸ்பூன் கோதுமை. வேகவைத்து அரைத்து, சர்க்கரையும் வால்நட்டும் பிசைந்தது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைக்க மாட்டார்கள். அழைப்பது தப்பு. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், ஒரு முறை வந்தவர்கள் ஆயுசுக்கும் வருவார்கள்.

நெவென்கா கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்து போனவள். பதினோரு லூக்கா நாள், ஒன்றுகூட விட்டதில்லை. திரும்பி வந்த பிறகு ஒன்றுகூடப் போனதில்லை. முதல் வருஷம் மனசு ஆறவில்லை. அடுத்த வருஷம், "அவ என்னைக் கூப்பிடலையே" என்று ஸ்டீபானிடம் சொன்னாள். ஸ்டீபானுக்கே அது அபத்தமாகப் பட்டது. ஆனால் அவனுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் அந்தச் சாக்கு தூசி தட்டி வெளியே வரும். அழைக்கவில்லை, எப்படிப் போவது? ராதே செத்தான். ஸ்டீபான் செத்தான். ஸ்டீபானின் அடக்கத்துக்கு ஸ்மில்யா வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டு, கைகொடுக்கிற வரிசை ஆரம்பிக்குமுன் போய்விட்டாள். இருபத்து நான்கு வருஷம் இரண்டு பேரும் தெருவில் "வணக்கம்" மட்டும் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் தலையசைப்போடு.

இந்த வருஷம் லூக்கா நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. பருவத்தின் கடைசிக் கப்பலும் அன்றைக்குத்தான்.

காலையிலிருந்தே சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகள் இடிபடும் சத்தம். கோதுமை வேகிற வாசம். வாசலில் மகன் இலியாவின் கார், செர்பியாவின் நோவி ஸாத் நம்பரோடு. இரண்டு வாரமாக ஸ்மில்யாவைப் பார்க்கவில்லை; அவள் அவ்வப்போது எல்லையைத் தாண்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டு வருவது வழக்கம்தான். கிழவி வந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நெவென்கா தன் கேக்கைச் சட்டியிலிருந்து கவிழ்த்தாள். நடுவில் துளையோடு, மடிப்பு மடிப்பாக இரண்டு கேக்.

மொழிபெயர்க்கிற பெண் மாத்தேயா இரண்டு மணிக்கே வந்து நாற்காலி போட்டாள். "அத்தை, சங்கதி தெரியுமா? பக்கத்து வீடு வித்தாச்சு. யாரோ பல் டாக்டராம், ஒஸியெக்ல இருந்து. இன்னிக்கு அஞ்சு மணிக்குச் சாவி கைமாறுது."

சர்க்கரைப் பொடி சலித்துக்கொண்டிருந்த நெவென்காவின் கை நின்றது. கேக்கின் ஒரே இடத்தில் சர்க்கரை மேடாக விழுந்து கிடந்தது.

"அப்ப இதான் கடைசி லூக்கா நாள்" என்றாள்.

"என்ன நாள்?"

"இவங்க நாலரைக்குக் கிளம்பிடுவாங்க இல்ல? நீ பாத்திரத்தை ஒதுக்கி வை. நான் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

மாத்தேயா கையிலிருந்த நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறவள். கதையில் வருவதைத் தவிர, பக்கத்து வீட்டுப் பேச்சையே இங்கே கேட்டதில்லை. "உங்களை அழைச்சாங்களா அத்தை?"

"ஸ்லாவாவுக்கு யாராச்சும் அழைப்பாங்களா? என்ன பொண்ணுடி நீ!"

சொல்லிவிட்டுத்தான் நெவென்காவுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் தெரியாதது போல் நடித்த விஷயம் எவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது!

*

வந்த பன்னிரண்டு பேரும் களைத்திருந்தார்கள். வெயில் இருந்தது, இருந்தாலும் கழுத்துத் துணியை யாரும் கழற்றவில்லை. பிளம் பழச் சாராயமான ராக்கியாவை ஒரு வாய் குடித்து இருமினார்கள், சிரித்தார்கள். நாலைந்து பேர் முன்னாலேயே நிலவறைக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நெவென்கா கதையை ஆரம்பித்தாள்.

மனசு கதையில் இல்லை. காது சுவரிலேயே இருந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கிறாள் என்று தோன்றியது. இன்றைக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும் என்று நெவென்கா நினைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் பழகின வாய் யார் பேச்சைக் கேட்கும்? அந்த இடம் வந்தது, வாக்கியமும் வந்தது. மாத்தேயா மொழிபெயர்த்தாள். நெஞ்சில் கைகள். "ஆ."

மேஜைக் கோடியில் கைத்தடியோடு ஒரு கனடாக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் கேக்கைத் தொடவில்லை. அவள் ஏதோ கேட்டாள். மாத்தேயா நெவென்காவைப் பார்த்துத் தயங்கினாள்.

"அந்தப் பக்கத்து வீட்டம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க."

பதினைந்து வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கேக் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். பயமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். கழிப்பறை எங்கே என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

நெவென்கா சுவரைக் காட்டினாள். "அங்கதான்."

பன்னிரண்டு தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின. நெவென்கா எழுந்து நின்றாள். மாத்தேயாவைப் பார்க்காமல், விருந்தாளிகளையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து உரக்கப் பேசினாள்.

"நான் சொன்னது பொய். அவ சொல்லாம போகல. வேலிவாசல்ல நின்னு மூணு தடவை என்னைக் கூப்பிட்டா. எனக்குக் கேட்டுது. கேட்டும் நான் போகல. ஜாம் கிண்டிக்கிட்டு நின்னேன். அவ நிலவறைச் சாவியை எனக்கு விட்டுட்டுப் போனா. நாங்க பொழச்சது அவ நிலவறையில. என் புள்ளைங்க ரெண்டும் இன்னிக்கு உசுரோட இருக்குன்னா அது அவ புருஷன் போட்ட கான்கிரீட்டு. இத்தனை வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொல்லல. அவளுக்குக் கேக்கும்னு தெரிஞ்சே பொய் சொன்னேன்."

"அத்தை, இது நாம வழக்கமா சொல்றது இல்லையே" என்று மாத்தேயா கிசுகிசுத்தாள்.

"சொல்றதைச் சொல்லுடி."

மாத்தேயா சொன்னாள், திக்கித் திணறி. சற்று முன் படம் எடுத்துக்கொண்டு வந்த ஆள் தன் கைபேசியைப் பார்த்து, நெவென்காவைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் இந்த நிலவறை என்ன?

"அது முட்டைக்கோஸ் வைக்கிற இடம்னு சொல்லு."

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் அசையவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. அழுகிறாளோ என்னவோ என்று நெவென்கா நினைத்தாள். கூடவே, முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரியும் இருந்தது. கனடாக்காரி தட்டை இழுத்து, கேக்கை மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

*

நாலரை மணிக்கு அவர்கள் போனதும் நெவென்கா மேலங்கியைக் கழற்றி வேறு போட்டுக்கொண்டாள். வெட்டாத கேக்கை எடுத்துக்கொண்டாள். சுவரில் வாசல் இல்லாததால் தெருவழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. முப்பது அடி தூரம். வெளிக்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல் வைத்திருந்தது.

கூடத்தில் சாமான்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேஜைமேல் பாதி எரிந்த மெழுகுவர்த்தி, கோதுமைத் தட்டு, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன். கோதுமைமேல் சர்க்கரையால் வரைந்த சிலுவை கலையாமல் இருந்தது. ஒருத்தரும் வரவில்லை என்று அர்த்தம்.

இலியா எழுந்து நின்றான். நாற்பது வயசு, நெற்றியில் ராதேயின் வழுக்கை. "வாங்க அத்தை" என்றான், நேற்றும் வந்து போனவளை வரவேற்பது போல.

"லூக்கா நாள் வாழ்த்து, இலியா. அம்மா எங்க? தோட்டத்துலயா?"

"அம்மா இங்க இல்லையே அத்தை. நோவி ஸாத்ல, எங்க வீட்ல இருக்காங்க. ரெண்டு வாரமாச்சு. கணையத்துல." அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "இனிமே மருந்து வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார்."

நெவென்கா கேக்கை மேஜைமேல் வைக்கப் போனவள், பாதியில் நின்றாள். "அப்ப, காலையிலேர்ந்து சத்தம் கேட்டுதே?"

"நான்தான். தட்டெல்லாம் கட்டிக்கிட்டிருந்தேன். இந்தக் கோதுமையை வேகவைக்க நான் பட்ட பாடு!" அவன் சிரிக்கப் பார்த்தான். "அம்மாதான் விடல. வீடு வித்தா என்ன, லூக்கா நாள்ல கதவு தொறந்திருக்கணும், அஞ்சு மணி வரைக்கும் நீ அங்க உக்காருன்னு சொன்னாங்க. இப்பல்லாம் யாரும்மா வரான்னு கேட்டேன். அவ வருவான்னாங்க. வருஷா வருஷம் தம்ளர்ல ஒரு ஸ்பூன் கூடுதலாப் போடுவாங்க அத்தை. அவ வந்தா ஸ்பூனுக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு."

"ஒருத்தரும் வராத வருஷம்?"

"ஒருத்தரும் வராத வருஷம் அந்த ஒரு ஸ்பூன் மட்டும் இருக்கும்."

அவன் தட்டை நீட்டினான். நெவென்கா சிலுவையின் ஓரமாக ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். சர்க்கரை போதவில்லை.

"அரை மணி நேரம் முன்னால நீ தோட்டத்துப் பக்கம் இருந்தியா?" என்று கேட்டாள்.

"இல்லையே. தெருப்பக்கம் கார்ல பெட்டி ஏத்திக்கிட்டிருந்தேன். ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்ல."

அவன் கைபேசியை எடுத்து நம்பரைத் தட்டினான். யாராவது வந்தால் கூப்பிடச் சொல்லியிருந்தாளாம். அந்தப் பக்கம் எடுத்ததும் முதல் கேள்வி நெவென்காவுக்கே கேட்டது. "வந்தாளா?"

"வந்துட்டாங்கம்மா. இதோ கொடுக்கறேன்."

நெவென்கா கைபேசியைக் காதில் வைத்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஸ்மில்யாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"கோதுமை சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சர்க்கரை சரியா இருந்துதா?"

"இருந்துது."

"பொய்யி. அவன் என்னிக்கும் கம்மியாத்தான் போடுவான். வால்நட் உன் மரத்துது, அதையும் சொல்லிடறேன். வருஷா வருஷம் பாதி என் பக்கம்தான் விழுது. திருப்பிக் கொடுக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல." குரல் மெலிந்திருந்தது, குறும்பு அப்படியே இருந்தது. "டாக்டர் கிறிஸ்துமஸ் வரைக்கும்ங்கறார். உங்க கிறிஸ்துமஸா எங்க கிறிஸ்துமஸான்னு கேட்டேன். முழிக்கறார் மனுஷன். ரெண்டு வாரம் வித்தியாசம் இருக்கு, சும்மாவா?"

"ஸ்மில்யா, இன்னிக்கு அவங்ககிட்ட நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

"எவங்ககிட்ட?"

"கப்பல்காரங்ககிட்ட. நிலவறை உன்னோடதுன்னு. நீ மூணு தடவை கூப்பிட்டேன்னு."



"நாலு தடவை" என்றாள் ஸ்மில்யா. "நாலாவது தடவை எனக்குச் சத்தம் வரல. அதனால உனக்குக் கேட்டிருக்காது."

"உரக்கச் சொன்னேன்டி. சுவரைப் பார்த்துச் சொன்னேன். நீ அங்க உக்காந்திருக்கேன்னு நெனச்சு."

"எத்தனை வருஷம் அங்க உக்காந்திருந்தேன் தெரியுமா? செவ்வாய், வெள்ளி தப்பாம. இன்னிக்காச்சும் மாத்திச் சொல்லுவா, இன்னிக்காச்சும் மாத்திச் சொல்லுவான்னு. மழை பெஞ்சா குடை பிடிச்சுக்கிட்டு உக்காருவேன். இலியா என்னைப் பைத்தியம்னான்." ஒரு இருமல். "இன்னிக்குப் பார்த்து நான் இல்ல, பாரேன்."

"நான் வரேன். இலியாவோட கார்லயே இப்பவே கிளம்பி வரேன். உன் முன்னால உக்காந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"வேண்டாம்."

"ஏன்டி? கோவமா?"

"கோவம் இருந்தா உனக்கு ஸ்பூன் போட்டு வைப்பேனா? ஸ்லாவாவுக்கு அழைக்காம வரணும், வந்துட்ட, எனக்குச் சந்தோஷம். நோயாளியைப் பார்க்க அழைச்சாத்தான் வரணும். நான் அழைக்கல, நெவென்கா. இப்ப நான் இருக்கற கோலத்தை நீ பார்க்க வேண்டாம். பார்த்தா அப்புறம் இதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும்."

ஆற்றுப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் நீளமாக வந்தது. அது ஸ்மில்யாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கிளம்பிடுச்சா? காலையில இங்க வந்து நிக்கும். என் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கான் இலியா. அவங்க எறங்கி வர்றதைப் பார்ப்பேன். நேத்து நெவென்கா வீட்டுக் கேக் சாப்பிட்டவங்கன்னு நெனச்சுக்குவேன். நாளைக்கு அதுல பன்னெண்டு பேர் இருப்பாங்க, இல்ல? நீ சொன்னதைக் காதால கேட்டவங்க. சரி, எனக்குக் களைப்பா இருக்கு. போனை அவன்கிட்ட குடு."

நெவென்கா கொடுத்தாள். இலியா பேசிக்கொண்டே வழக்கப்படி ஒயினைச் சொட்டு சொட்டாக ஊற்றி மெழுகுவர்த்தியை அணைத்தான். அவன் சாவிக்கொத்தை எடுத்து வைத்தபோது வெளியே ஒரு கார் வந்து நின்றது. பல் டாக்டராக இருக்கும்.

"ஒரு நிமிஷம் தோட்டத்துக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று நெவென்கா கேட்டாள்.

பெஞ்சு அங்கேயே இருந்தது, சுவரை ஒட்டி, பலகை நடுவில் தேய்ந்துபோய். காலடியில் வால்நட் கிடந்தது. நெவென்கா அதில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து சுவரை அவள் பார்த்ததே இல்லை.

அந்தப் பக்கம் தன் வீட்டுத் தோட்டத்தில் மாத்தேயா கோப்பைகளை அடுக்குவது கேட்டது. பிறகு அவள் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. கம்பெனி ஆளாக இருக்க வேண்டும்.

"ஆமா, இன்னிக்கு என்னமோ வேற மாதிரி சொல்லிட்டாங்க... எது நெஜமோ, எனக்கு எப்படித் தெரியும்? வயசாச்சு இல்ல... விருந்தாளிங்க குழம்பிப் போயிட்டாங்க. மார்ச்ல பழையபடியே சொல்லச் சொல்லணும். பழையதுதான் நல்லா இருந்துது."

நெவென்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தைகூடத் தவறாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே, எல்லாம் கேட்டது.